வளரும் வாத்தியம்

வீணைக்கு மெட்டுகள் 24. நேற்று வாங்கிய வீணையாயினும் பாட்டனார் காலத்து வீணையாயினும் கணக்கு ஒன்றே. நாகசுரத்தில் விரல் படும் துளைகள் ஏழு. கிழக்குக் கரையிலே பக்கீர்மார் கையில் முழங்கும் றபானுக்குத் தோல் ஒன்றே. வாத்தியம் என்பது செய்து முடிந்த பொருள். வாசிப்பவனின் வித்தை வளருமேயன்றி வாத்தியம் வளர்வதில்லை என்றே தலைமுறை தலைமுறையாக எண்ணி வந்துள்ளோம்.

இன்றோ, கைக்கு வந்த பின்னும் வளர்ந்துகொண்டே போகும் வாத்தியம் ஒன்று எமது மாணவர் மேசைகளில் வந்து அமர்ந்துவிட்டது. மொடியூலர் சிந்தசைசர் என்பது அதன் பெயர். தனித்தனிக் கூறுகளை வயரினால் இணைத்து ஒலியை உண்டாக்கும் கருவி அது. முன்னர் அலுமாரியளவு இடம் பிடித்த அக்கருவி, இப்போது கணினித் திரைக்குள் அடங்கி, இணையத்தினின்று புதிய கூறுகளை ஏற்று நாள்தோறும் பெருகுகின்றது. கூறுகளைச் சேர்ப்பது எளிது. சேர்த்ததைக் காப்பது அத்துணை எளிதன்று. இவ்வுண்மையை நாம் கற்றது நூலிலிருந்தன்று. ஒலுவிலைச் சேர்ந்த மாணவர் ஒருவரின் துயரத்திலிருந்து கற்றோம்.

குரலைக் காணோம்

ஒலுவில் என்றதும் பலருக்கு நினைவில் வருவன இரண்டு. ஒன்று, 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டிலே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம். மற்றது, 2013இல் திறக்கப்பட்ட துறைமுகம். அதன் அலைதடுப்பு அணைகள் எழுந்தபின் வடபாற் கரையைக் கடல் அரித்துத் தென்னைகளைக் கொண்டு போனதும் ஊரறிந்த செய்தி. அக்கரையோரத்து வளவு ஒன்றிற் பிறந்து வளர்ந்தவரே நாம் குறிப்பிடும் மாணவர். எம்மிடம் பௌதிகவியல் பயின்றவர்.

அவருடைய மூத்தம்மா கவி பாடுவதில் வல்லவர். ஓராட்டும் கவியும் அம்மூதாட்டியின் நாவில் நின்றனவேயன்றி ஏட்டில் ஏறியவை அல்ல. 2018இல் ஒருநாள் மாலை, வளவின் தென்னையடியில் அமர்ந்து அவர் பாடியதைப் பேரன் கைத்தொலைபேசியிற் பதிவு செய்தார். 2020இல் ஊரடங்கினால் எல்லோரும் வீட்டோடு இருந்த நாட்களில், அக்குரலைச் சுற்றி ஐந்து நிமிட இசை ஒன்றைத் தமது மடிக்கணினியில் அமைத்தார். அந்த அமைப்புக் கோப்பை எமக்கும் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். 2022இல் மூத்தம்மா மௌத்தாகிவிட்டார். மறு ஆண்டு புதிய மடிக்கணினி வாங்கிய மாணவர், பழைய இசையை உம்மாவுக்குக் கேட்பிக்க எண்ணித் திறந்தார், ஒலி எழவில்லை. அன்று பின்னேரமே எமது வீட்டுப் படியில் வந்து நின்று அவர் சொன்னது இவ்வளவுதான்:

“சேர், எங்கட மூத்தம்மாட குரலக் காணல்ல.”

குரல் எங்கே போயிற்று என்பதை விளக்குமுன், இக்கருவி எத்தகையது என்பதை வாசகர் அறிதல் வேண்டும்.

ஆர்மோனியத்தைப் பிரித்துப் பார்த்தால்

ஆர்மோனியப் பெட்டியில் உலோக நாக்கு அதிர்ந்து சுருதியைத் தருகின்றது. துருத்தியின் காற்று ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றது. மரப்பெட்டி அவ்வொலிக்கு ஒரு குணத்தைக் கொடுக்கின்றது. இம்மூன்று வேலைகளும் ஒரே பெட்டியுள் நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பிரித்து மூன்று தனிப் பலகைகளாக வைத்து, எதனை எதனுடன் இணைப்பது என்பதை வாசிப்பவரிடமே விட்டுவிட்டால் எப்படி இருக்கும்? அதுவே மொடியூலர் முறை. அலையை உண்டாக்குவது ஒரு கூறு. அதில் வேண்டாத சுரங்களை வடிப்பது இன்னொரு கூறு. ஒலியளவைக் காப்பது மற்றொன்று. பறையடிபோல் சட்டென எழுந்து மறைவதா, வயலின்போல் மெல்ல எழுந்து நிற்பதா என ஒலியின் வடிவைத் தீர்மானிப்பதற்கும் ஒரு கூறு உண்டு. இவற்றுக்கிடையே ஓடும் வயர்களை மாற்றினால் வாத்தியமே மாறிவிடும்.

கூறுகள் ஒன்றோடொன்று பேசும் மொழி மின்னழுத்தம். பெரும்பாலான கருவிகளில் ஒரு வோல்ற்று ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அதாவது அதிர்வெண் இரு மடங்காகும். 262 அதிர்வு 523 ஆகும். ஒரு ஸ்தாயியில் 12 படிகள் எனக் கொள்ளும் மேல்நாட்டு முறையில், ஒரு படிக்கு வோல்ற்றின் பன்னிரண்டில் ஒரு பங்கு. கவி பாடும் குரலோ இந்தப் பன்னிரண்டு படிகளில் மட்டும் கால் வைத்து நடப்பதில்லை. படிகளுக்கு இடையேயும் வழுக்கிச் செல்லும். சுரங்களைப் படிகளுக்கு இழுத்து நிறுத்தும் கூறு ஒன்று இருக்கின்றது. அதனை எமது மாணவர் முதலிற் குரலோடு சேரும் இசைக்குப் பூட்டிப் பார்த்தபோது, மூத்தம்மா ஒருபுறமும் இசை ஒருபுறமுமாகப் பிரிந்து நின்றனவாம். அக்கூறின் படிகளைக் குரலுக்கேற்ப மாற்றியமைத்த பிறகே இரண்டும் பொருந்தின. எக்கூறு வேண்டும் என்பதைச் செவிதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

அலுமாரியிலிருந்து திரைக்கு

அமெரிக்கரான ரொபேட் மூக் 1964இல் மின்னழுத்தத்தால் ஆளப்படும் கூறுகளை அமைத்துக் காட்டினார். அதே காலத்தில் கலிபோர்னியாவில் டொன் புக்லாவும் வேறொரு வழியில் அதனைச் செய்தார். மூக்கின் கருவி நம் பகுதிக்கும் காலதாமதமின்றி வந்ததென்பது பலர் அறியாத செய்தி. 1969இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் மொடியூலர் கருவி ஒன்று நிறுவப்பட்டது. அமெரிக்க இசையாளர் டேவிட் ரியூடர் அங்கு வந்து அதனை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாதூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் இசையமைத்தனர். அவர்களுடைய கதைக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

1995 அளவில் ஜேர்மனியரான டீற்றர் டோப்பர், கூறுகளுக்கு ஓர் அளவை வகுத்தார். பலகையின் உயரம் 128.5 மில்லிமீற்றர், வயரின் முனை 3.5 மில்லிமீற்றர். அளவு பொதுவாகியதும் உலகெங்கும் சிறு தொழிலாளர் பலர் கூறுகளைச் செய்யத் தொடங்கினர். ஒருவர் செய்த பலகை மற்றவர் சட்டத்தில் பொருந்தியது. ஆயினும் பலகை ஒவ்வொன்றையும் விலை கொடுத்து வாங்குவது நம் மாணவர் கைக்கு எட்டாதது.

2017இல் அன்ட்ரூ பெல்ட் என்பவர் இச்சட்டத்தைக் கணினிக்குள் அமைத்து, ‘விசிவி றாக்’ என்னும் மென்பொருளாக வெளியிட்டார். அதன் அடிப்படைப் பதிப்பு இலவசம். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதற்குப் பலர் எழுதிச் சேர்த்த கூறுகள் இன்று ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுட் பெரும்பகுதிக்கு விலையில்லை. எமது மாணவர் எடுத்தாண்டதும் இதனையே.

கூறுகளைச் சேர்க்கும் முறை

றாக்கை நிறுவியதும் அலையாக்கி, வடிகட்டி, பெருக்கி முதலிய அடிப்படைக் கூறுகள் உடன் வருகின்றன. முதல் மாதம் இவற்றோடு நின்றுகொள்வதே நன்று. ஐந்து கூறுகளை ஐயமறக் கற்றவன் ஐந்நூறையும் ஆள்வான்.

மேலும் வேண்டுமாயின் முறையான வழி நூலகம். றாக்கின் இணையத்தளத்தில் கணக்கு ஒன்று தொடங்கி, அங்குள்ள நூலகத்தில் வேண்டிய தொகுதியைக் கணக்கிற் சேர்க்க வேண்டும். பின் றாக்கிலுள்ள நூலகப் பட்டியலில் அதே கணக்கால் நுழைந்து, புதுப்பிக்கும்படி கட்டளையிட்டால் தொகுதி தரவிறங்கும். மென்பொருளை ஒருமுறை மூடித் திறந்தால் கூறுகள் காட்சியளிக்கும். புதிய கணினிக்கு மாறும்போது அதே கணக்கால் நுழைந்தால் போதும். சேர்த்தவை யாவும் திரும்ப வரும்.

இரண்டாவது வழி, கூறு செய்தவரின் சொந்தத் தளத்தினின்று கோப்பாக எடுத்து, றாக்கின் சேர்க்கைக் கோப்புறையில் வைத்துத் திறப்பது. இது கூடாதென்று சொல்லமாட்டோம். ஆயினும் கூறு என்பது ஒரு நிரல் என்பதை மறத்தல் ஆகாது. அது உங்கள் கணினியில் உங்கள் அதிகாரத்தோடு இயங்கும். வீதியிற் கண்ட எவரையும் வீட்டுக்குள் அழைப்போமா? செய்தவர் யாரென்று அறிந்தே உள்ளே விடல் வேண்டும்.

மூன்றாவதாகக் கவனிக்கவேண்டியது பதிப்பு எண். றாக்கின் முதற் பதிப்பு 2019இலும் இரண்டாம் பதிப்பு 2021 நவம்பரிலும் வந்தன. கூறின் பதிப்பு எண்ணில் முதல் இலக்கம் றாக்கின் முதல் இலக்கத்தோடு ஒத்திருக்க வேண்டும். முதற் பதிப்புக்கென எழுதிய கூறு இரண்டாம் பதிப்பில் இயங்காது. செய்தவரே அதனை மீண்டும் ஆக்கித் தர வேண்டும்.

கணினியின்றி மேசைமேல் வைக்கும் பெட்டிகளிலும் இதே முறை வந்துவிட்டது. அமெரிக்காவின் ‘4எம்எஸ்’ நிறுவனம் செய்யும் ‘மெட்டாமொடியூல்’ என்னும் பெட்டி, றாக் கூறுகள் பலவற்றைத் தன்னுள் இயக்கவல்லது. சேர்க்கைக் கூறுகளை மெமரி காட்டிலோ பென் ட்ரைவிலோ வைத்து அதில் ஏற்றலாம். பெட்டியின் நினைவகம் அளவுடையதாகையால் அங்கும் வேண்டியதை மட்டும் ஏற்றுவதே முறை.

மூன்று பிழைகள்

இனி மாணவரின் கோப்புக்கு வருவோம். புதிய கணினியில் அவர் நிறுவியது இரண்டாம் பதிப்பு. பழைய கோப்பைத் திறந்ததும் மூன்று கூறுகள் இல்லையென்று எச்சரிக்கை வந்தது. அவர் அதனைத் தள்ளிவிட்டு, எல்லாம் பின்னர் சரியாகும் என்னும் நம்பிக்கையிற் ‘சேமி’ என்னும் விசையை அழுத்திவிட்டார். அங்கேதான் பெருந்தவறு நேர்ந்தது. இல்லாத கூறுகளை விட்டுவிட்டு எஞ்சியவற்றை மட்டுமே மென்பொருள் சேமித்துக்கொண்டது. காணாமற் போன கூறுகளின் பெயரும் குமிழ்களின் நிலையும் அத்தோடு அழிந்தன. பழைய கணினியின் வன்தட்டோ முன்னரே துடைக்கப்பட்டு விற்கப்பட்டிருந்தது.

நல்லூழாக, 2020இல் எமக்கு அனுப்பிய கோப்பு மின்னஞ்சலில் அப்படியே கிடந்தது. முதற் பதிப்பின் கோப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகளாகையால், சாதாரண எழுத்துச் செயலியிலே திறந்து வாசிக்க இயன்றது. கூறுகளின் பெயர், பதிப்பு எண், குமிழ்களின் அளவு எல்லாம் வரிவரியாக இருந்தன. இருவரும் அவற்றை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டோம். ஆராய்ந்ததிற் பிழைகள் மூன்று வகையின என்பது விளங்கிற்று.

முதலாவது, நிறுவாமை. மூன்று கூறுகளில் இரண்டு நூலகத்தில் இருந்தன. மாணவர் புதிய கணினியில் தமது கணக்கால் நுழையவில்லை, அவ்வளவே. நுழைந்ததும் இரண்டும் வந்தன.

இரண்டாவது, கைவிடப்பட்டமை. மூன்றாம் கூறு ஒரு வடிகட்டி. அது நூலகத்தில் இல்லை. செய்தவரின் தளத்தினின்று கோப்பாகப் பெறப்பட்டது. அத்தளம் இப்போது இல்லை. றாக்கின் முதற் பதிப்பையும் பக்கத்தில் நிறுவிப் பார்த்தோம். கூறின் கோப்பே கையில் இல்லாதபோது அதனாற் பயனென்ன? இலவசமாகக் கொடுத்த ஒருவர் காலமெல்லாம் பராமரிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். அவரை நோவதற்கில்லை. பிரதி ஒன்றை எடுத்து வையாத எம்மையே நொந்துகொண்டோம்.

மூன்றாவது, இடம் மாறியமை. குரலை ஒலிக்கச் செய்யும் கூறு சரியாகவே வந்தது; ஆனால் ஊமையாக இருந்தது. அக்கூறு குரலைத் தன்னுள் வைத்திருக்கவில்லை. குரற்பதிவு எந்தக் கோப்புறையில் உள்ளது என்னும் முகவரியை மட்டுமே வைத்திருந்தது. வீடு இடிந்தபின் முகவரி இருந்து என்ன? மூத்தம்மாவின் குரல் காணாமற் போன காரணம் இதுவே.

நாம் கைக்கொள்ளும் விதிகள்

அன்று முதல் எமது மாணவருக்குச் சில விதிகளை வற்புறுத்தி வருகிறோம். இக்கருவியை ஆளுவோர் யாவர்க்கும் அவை பயன்படும்.

1. ஒவ்வோர் இசையமைப்புக்கும் ஒரு கோப்புறை. அமைப்புக் கோப்பு, அதிற் பயின்ற குரற்பதிவுகள், நூலகத்துக்கு வெளியே பெற்ற கூறுகளின் கோப்புகள் மூன்றும் அதனுள் ஒருங்கே இருத்தல் வேண்டும்.

2. ஒரு கொப்பியில் கூறின் பெயர், செய்தவர், பதிப்பு எண், சேர்த்த நாள் ஆகியவற்றைக் குறித்தல். கையெழுத்துக்கு இரண்டாம் பதிப்பும் இல்லை, மூன்றாம் பதிப்பும் இல்லை.

3. இசை ஒன்று பாதியில் நிற்கும்போது புதுப்பித்தல் ஆகாது. முடித்த பின்னரே புதுப்பிக்க. அதற்கு முன் கோப்புறையை வேறிடத்திற் பிரதி செய்க.

4. கூறு இல்லையென்ற எச்சரிக்கை வந்தால், சேமிக்காது மூடுக. சேமித்தே ஆகவேண்டுமெனின் வேறு பெயரில் சேமிக்க.

5. வேண்டாதவற்றை நீக்குக. நூலகக் கணக்கினின்று எடுப்பது மட்டும் போதாது. கணினியின் சேர்க்கைக் கோப்புறையினின்றும் எடுக்க வேண்டும். எக்கூறு கணினியை வருத்துகின்றது என்பதை எஃப்-3 விசையை அழுத்தி அறியலாம். ஒவ்வொரு கூறின் மேலும் அது கொள்ளும் சுமை தோன்றும்.

6. எல்லாவற்றிலும் தலையாயது: முடிந்த இசையை ஒலிக்கோப்பாகப் பதிவு செய்து வைத்தல். அதற்கென இலவசக் கூறு உண்டு. செக்கனுக்கு 48,000 மாதிரி, 24 பிற்று, இரு பக்க ஒலி என வைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 மெகாபைற்று செல்லும். ஐந்து நிமிட இசைக்கு 90 மெகாபைற்றும் வேண்டியதில்லை. இன்றைய பென் ட்ரைவின் ஒரு மூலையில் அடங்கும். அவ்வளவு சிறிய முயற்சியைச் செய்யாமையாலன்றோ ஒரு குடும்பம் தன் மூதாட்டியின் பாட்டை இழக்க இருந்தது!

அகமதாபாத் தரும் பாடம்

அகமதாபாத்தின் மூக் கருவி என்னவாயிற்று? அதனைச் சூழ நடந்த இசை முயற்சி 1970களின் தொடக்க ஆண்டுகளைத் தாண்டித் தொடரவில்லை. அங்கு இசையமைத்தோர் பெயர்கள் மறக்கப்பட்டன. ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்திருந்தனர்: தாம் அமைத்தவற்றைக் காந்த நாடாவிற் பதிந்து, நிறுவனத்தின் ஆவணக் களஞ்சியத்தில் விட்டுச் சென்றனர். 2017இல் பிரித்தானிய இசையாளர் போல் பேர்கஸ் அந்நாடாக்களைக் கண்டெடுத்தார். 2023இல் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன. அரை நூற்றாண்டுக்கு முன் குஜராத்தில் எழுந்த ஒலியை இன்று ஒலுவிலில் இருந்து நாம் கேட்கிறோம். வயர்கள் பிடுங்கப்பட்டபோதே அந்த இணைப்புகள் கலைந்துவிட்டன. நாடாவில் ஏறிய ஒலியோ நின்றது.

கணினிக்குள் இருக்கும் வாத்தியத்துக்கும் விதி இதுவே. இணைப்புகளைக் கோப்பு நினைவில் வைத்திருக்கிறது என்னும் துணிவில் நாம் ஒலியைப் பதிய மறக்கிறோம். அக்கோப்பு தனித்து நிற்பதன்று. பலர் செய்த கூறுகளின் தோளில் நிற்பது. ஒருவர் விலகினாலும் அது சாய்ந்துவிடும்.

மீண்ட குரல்

மூத்தம்மாவின் மூலப் பதிவு பழைய கைத்தொலைபேசியின் மெமரி காட்டில் இருந்தது. மாணவரின் தங்கை அதனைத் தைத்த துணிகளுக்கிடையே ஒரு தகரப் பேணியில் வைத்திருந்தார். காணாமற் போன வடிகட்டிக்குப் பதிலாக அடிப்படைத் தொகுதியிலுள்ள வடிகட்டியைப் பூட்டி, கொப்பியிற் குறித்த அளவுகளை வைத்துச் செவியால் ஒப்புநோக்கி, நான்கு மாலைகளில் இசையை மீள அமைத்தோம். பழையதற்கு அண்மையில் வந்தது, அதுவே ஆகிவிடவில்லை.

ஒன்றை மட்டும் மாணவர் வேண்டுமென்றே மாற்றினார். மூலப் பதிவிலே குரலுக்குப் பின்னால் அலையின் இரைச்சல் இருந்தது. 2020இல் அதனைக் குற்றமென்று கருதி, அந்த வடிகட்டியைக் கொண்டே வெட்டியிருந்தார். இம்முறை அதன்மேற் கை வைக்கவில்லை.

“தென்னையும் போயிட்டு சேர், கரையும் போயிட்டு. சத்தமாவது இரிக்கட்டும்” என்றார்.

மூத்தம்மா அமர்ந்து பாடிய இடத்தில் இன்று கடல் நிற்கின்றது. அந்தக் கரையின் ஓசை அப்பதிவில் மட்டுமே உள்ளது. பதப்படுத்திய ஒலியோடு மூல ஒலியையும் மாற்றாது காக்க வேண்டும் என்னும் ஏழாவது விதியை அன்று எமக்குக் கற்பித்தவர் அம்மாணவரே.

முடிந்த இசையை ஒலிக்கோப்பாகப் பதிந்து மூன்று பிரதிகள் எடுத்தோம். ஒன்று மாணவரிடமும், ஒன்று தங்கையின் தகரப் பேணியிலும், ஒன்று எம்மிடமும் இருக்கின்றன. முதன்முதலிற் கேட்டவர் அவருடைய உம்மாதான். கேட்டு முடிந்ததும் ஒன்றும் பேசாது, மீண்டும் ஒருமுறை போடும்படி கையாற் காட்டினாராம்.

உங்கள் வீட்டிலும் பாடத் தெரிந்த முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். புதிய கூறுகளைத் தேடி இணையத்தில் இரவைக் கழிக்கும் மாணவர்காள், முதலில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். அப்பதிவுக்கு இரண்டு பிரதிகள் எடுங்கள். அதன் பின்னர் கருவியை விரும்பியவாறு வளர்க்கலாம்.